டிரைவர் தூங்கினாரா?

"ஏம்மா, இந்த வண்டிக்கு டிரைவர் யாரு?"

திருப்பதிக்குப் பக்கத்து ரேணிகுண்டா ஏர்போர்ட்டில், கவுன்டரில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணிடம் என் அண்ணன் கேட்ட முதல் கேள்வி இது. அவள் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை. இப்படி ஒரு கேள்விக்கு ட்ரெயினிங்கில் யாரும் பதில் சொல்லித் தரவில்லையே என்கிற சிரிப்பு.

"கேப்டனா சார்? ஃப்ளைட்டே இன்னும் ஹைதராபாத்லருந்து வரலை சார்," என்றாள் தெலுங்கில்.

"வந்தா ஒரு நிமிசம் பாக்கணும்மா. பேசக்கூட வேணாம். கண்ணப் பாத்தா போதும்."

நான் வேறு யாருடனோ வந்தவள் போல கண்ணாடிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என்ன செய்வது... கூடப் பிறந்தவர்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது டிரைவர் மூஞ்சியைப் பார்க்கிறோமா இல்லையா? சவரக்கடையில் கழுத்தை நீட்டுவதற்கு முன்னால் கத்தி பிடிக்கிற கை நடுங்குகிறதா என்று ஆண்பிள்ளைகள் பார்ப்பதில்லையா? மேகத்துக்கு மேலே நம்மைத் தூக்கிக்கொண்டு போகிற மனிதரை மட்டும் பார்ப்பதே இல்லை. பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. அதுவும் இங்கிலீஷில். பாதி காற்றோடு போய்விடுகிறது. நாம் பெல்ட்டை மாட்டிக்கொண்டு சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறோம்.

அண்ணனால் அது முடியாது. காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர் ஆந்திராவில் நாராயணவனத்துக்குப் பக்கம், தமிழ் பேசுகிற ஊர். ஊரே சேர்ந்து வேன் பிடித்துக் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போகும்போது, டிரைவருக்குப் பக்கத்து சீட் மாப்பிள்ளை வீட்டாருக்கும் இல்லை, பஞ்சாயத்துப் பெரிய மனிதருக்கும் இல்லை. அது 'பேச்சுக் கொடுக்கிற ஆளு'க்கு. வண்டி கிளம்பும் முன்னால் டிரைவரை ஒரு பார்வை பார்ப்பது, வாயில் வாடை வருகிறதா என்று வெற்றிலை கொடுக்கிற சாக்கில் முகர்வது, வழியெல்லாம் விடாமல் பேசி அவர் கண் சொருகாமல் பார்த்துக்கொள்வது... இதெல்லாம் அந்த ஆளின் வேலை. டிரைவருக்குச் சாப்பாடு கட்டி எடுத்து வருவதும் அவர்தான். சோறு கூடாது. சோறு தின்றால் தூக்கம் வரும். இட்லி மட்டும். அதுவும் வயிறு முட்ட இல்லை.

எனக்கு நினைவு தெரிந்து எங்கள் ஊரில் அந்த சீட்டு என் அண்ணன் முனிரத்தினத்துடையது. கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலும் சரி, இப்போது சொந்தமாகக் கொஞ்சம் மாந்தோப்பு வைத்திருக்கிற காலத்திலும் சரி, அந்த சீட்டுக்கு வேறு யாரும் போட்டிக்கு வந்ததில்லை. டிரைவரின் கல்யாணம், கடன், மாமியார் சண்டை, எல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி. திருப்பதி பக்கத்து வேன் டிரைவர்களில் பாதிப் பேர் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட மனிதரின் முதல் விமானப் பயணம் இது.

அண்ணனுக்கு ஒரே மகள், சுமதி. ஹைதராபாத்தில் மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை. சுமதிக்கு இது முதல் பிரசவம். முறைப்படி தாய் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அசையவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாய் வீடு கிளம்பி அங்கே போகிறது. மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. பிரசவம் பார்த்துப் பழகிய பெண்பிள்ளை என்று அந்த வீட்டில் யாரும் கிடையாது. அண்ணிதான் போக வேண்டும். இரண்டு பேருக்கும் ஏர்போர்ட் புதுசு என்பதால் துணைக்கு நான்.

ரயிலில் டிக்கெட் இல்லை. "ப்ளேன்லயே வாங்க மாமா, இப்பல்லாம் ரயில் ஏசி டிக்கெட்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல," என்று மாப்பிள்ளை மலிவு விமானத்தில் மூன்று சீட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்.

அந்த 'மலிவு'தான் அண்ணனைப் பிடித்து ஆட்டியது.

"ஏம் பாப்பா, மலிவா குடுக்கறானே... எதுல கொறைக்கிறான்? சீட்டுலயா, பெட்ரோல்லயா, டிரைவர்லயா?"

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான். வாய்க்கு வந்தபடி, "சாப்பாட்டுலண்ணா. சோறு போட மாட்டான்," என்றேன்.

"அத்தோட விட்டா சரி."

நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் சித்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். மாங்கூழ் கம்பெனியில் சேல்ஸ் வேலை. மாதத்தில் பாதி நாள் விமானத்தில்தான் இருப்பாராம். அதனால் பயம் தெளிந்திருக்கும் என்று நினைத்தால், நேர்மாறு! எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு பயப்படுகிற ஆள் அவர். தெரியாமல் பயப்படுகிறவர்களோடு குடித்தனம் நடத்திவிடலாம். இவர்களோடு முடியாது.

"பைலட் லைசென்ஸுக்கே டூப்ளிகேட் மார்க் ஷீட் குடுத்து மாட்டினாங்களே, பேப்பர்ல பாக்கலியா நீங்க?" என்று ஆரம்பித்தார். பர்ஸிலிருந்து மடித்து வைத்த ஒரு பேப்பர் துண்டையே எடுத்துவிட்டார்! சாமி படம் வைத்துக்கொள்கிற இடத்தில் அதை வைத்திருக்கிறார், பாருங்கள்.

"பசங்க ட்ரெயினிங் எடுக்கறதே பேருக்குத்தான் சார். பறக்காமலே பறந்ததா கணக்கு எழுதிக்கறாங்களாம். இந்த மாதிரி சின்னக் கம்பெனில நல்ல பைலட் நிப்பாங்களா? அதிகமா குடுக்கற எடத்துக்குப் போயிடறாங்க. மிச்சம் கீறவன் தலைல எல்லா டிரிப்பும். விடிய எழுப்பி உக்கார வெச்சா ராத்திரிதான் எறக்கி விடறாங்க."

அவ்வளவுதான். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"தூங்கவே மாட்டாங்களா?"

"எங்க சார் தூங்கறது..."

சுற்றிலும் மொட்டைத் தலைகள். மலையேறித் தரிசனம் முடித்து, லட்டுப் பையோடு ஹைதராபாத் திரும்புகிற குடும்பங்கள். மாங்கூழ்க்காரர் தெலுங்குக்கு மாறி அதே கதையை அவர்களுக்கும் சொல்ல, ஒவ்வொரு மொட்டையாக எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு அம்மாள் லட்டுப் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார். பெருமாளை நேரில் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கே இந்த பயம் என்றால், நாங்கள் எந்த மூலை?

அண்ணி மட்டும் எதையும் காதில் வாங்கவில்லை. அண்ணி கன்னியம்மா அதிகம் பேசாதவர். மடியில் ஒரு துணிப் பை. உள்ளே, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்ட பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்த துண்டுகள். பிறக்கப் போகிற பிள்ளையைப் போர்த்த. மற்ற மூட்டையெல்லாம் லக்கேஜ் பெல்ட்டில் போய்விட்டது. இதை மட்டும் கையை விட்டுக் கொடுக்கவில்லை.

அண்ணன் கையிலும் ஒன்று இருந்தது. வாழை இலையில் கட்டி, பேப்பர் சுற்றிய பொட்டலம். செக்கிங்கில் அதைப் பிரித்துப் பார்த்த போலீஸ்காரர், "இட்லியா?" என்றார் தெலுங்கில்.

"டிரைவருக்கு சார்," என்றார் அண்ணன்.

போலீஸ்காரர் அண்ணனை ஒரு பார்வை, இட்லியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். அவரும் வேனில் போகிற ஊர்க்காரராக இருக்கலாம்.

பகல் பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டிய விமானம். பன்னிரண்டு ஆயிற்று, வரவில்லை. ஒன்று ஆயிற்று. அப்போதுதான் அண்ணியின் போன் அடித்தது. சுமதி. அழுகை எனக்கே கேட்டது.

"யம்மா... வயித்துல பனிக்குடத் தண்ணி கொறஞ்சி போச்சாம்மா. சாயங்காலமே ஆப்பரேசன் பண்ணிடணும்னு சொல்றாங்க. நீ எப்பம்மா வருவே?"

"வந்துகினே கீறேன்டி கண்ணு. ஏரோப்ளேன் வந்தா ஏற வேண்டியதுதான்."

"நீ வந்தப்புறந்தான் நான் உள்ள போவேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"சரிடி. நான் வந்துடறேன்."

போனை வைத்த பிறகு அண்ணியின் கை, துணிப் பையின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது. ஒருநாளும் மணி கேட்காதவர், என்னைத் திரும்பித் திரும்பி மணி கேட்க ஆரம்பித்தார்.

இரண்டு மணி சுமாருக்கு ஒருவழியாக விமானம் வந்து இறங்கியது. சின்ன விமானம். இரண்டு பக்கமும் மின்விசிறி சுற்றுகிற ரகம். பின்பக்கமாகப் படி இறக்கினார்கள். ஹைதராபாத் மக்கள் இறங்கினார்கள். மூட்டைகள் இறங்கின. எங்கள் மூட்டைகள் ஏறின. மொட்டைத் தலைகள் வரிசையில் நின்றாயிற்று. அண்ணியை இழுத்துக்கொண்டு நானும் நின்றேன்.

வரிசை நகரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விமானத்தின் நிழலில் நின்று சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை போட்ட ஒருவர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இல்லை, இல்லை என்பது போல. கோட் போட்ட ஒருவர் அவரிடம் கையை விரித்து விரித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவருதான் டிரைவரு," என்றார் அண்ணன். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ.

கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது. 'ஆபரேஷனல் ரீசன்' காரணமாக விமானம் தாமதமாகுமாம். இந்த 'ஆபரேஷனல் ரீசன்' இருக்கிறதே... பொண்ணு பார்த்துவிட்டுப் போய், "ஜாதகம் பொருந்தல" என்று சொல்லி அனுப்புகிற மாதிரி. என்ன காரணம் என்று கடைசிவரை தெரியாது.

மாங்கூழ்க்காரர் விடுகிற ஆளா? உள்ளே நுழைந்து விசாரித்து வந்துவிட்டார்.

"பைலட் ஓட்ட மாட்டேங்கறான்! காலைலருந்து ஊர் ஊரா சுத்தினானாம். எங்கியோ மழைல லேட்டாயிடுச்சாம். ட்யூட்டி டைம் முடிஞ்சிபோச்சி, ரொம்ப டயர்டா இருக்குது, இனிமே ஓட்டறது சேஃப் இல்லன்னு சொல்றானாம். வேற பைலட் சாயங்கால ஃப்ளைட்ல வந்தாத்தான் நம்ம வண்டி கெளம்புமாம்!"

அடுத்து நடந்ததைத்தான் நான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஊர் திரும்பி வந்த நாளிலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் 'பைலட்டுகள் தூங்குவதே இல்லை' என்று கேட்டு வெலவெலத்துப் போன அதே கூட்டம், "தூக்கம் வருது, ஓட்ட மாட்டேன்" என்று ஒரு பைலட் சொன்னதும் கொதித்து எழுந்தது!

"இன்னா ஷோக்குக்கா வேலைக்கு வந்தான்? கூப்புடு அவன!" மாங்கூழ்க்காரர்தான் முதல் குரல். பர்ஸில் இருந்த பேப்பர் துண்டு இப்போது எங்கே போயிற்றோ.

"எனக்குக் கனெக்டிங் ஃப்ளைட் இருக்குது!"

"சம்பளம் வாங்கறான் இல்ல? ஒரு மணி நேரம் ஓட்டினா செத்தா போவான்?"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னவருக்கு, அவர் என்ன சொன்னார் என்று புரிந்ததா தெரியவில்லை.

கவுன்டர் பெண் பாவம், முகம் சிவந்து நின்றாள். பத்து வாய் ஒரே நேரத்தில் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பத்து வாய்க்கு நடுவில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல்.

என் அண்ணன்.

"யம்மா, நீ அவரக் கூப்புடும்மா. நான் பேசறேன். எம் பொண்ணுக்கு இன்னிக்கி ஆப்பரேசன். வந்துகினே கீறோம்னு சொல்லிட்டோம். ஒரு மணி நேர ரோடுதான? அவர ஓட்டச் சொல்லு. நான் முன்னால பக்கத்துல உக்காந்துகினு பேசிகினே வரேன். தூங்க வுட மாட்டேன். இட்லிகூட கொணாந்திருக்கறேன்மா..."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாள் முழுக்க, கண் சிவந்த டிரைவரை ஸ்டியரிங் தொட விடாத மனிதர். இன்று அதே வாயால் கெஞ்சுகிறார்... தூக்கம் வருகிறவரை ஓட்டச் சொல்லி.

பெற்ற மனது. வேறென்ன சொல்ல?

அப்போதுதான் அண்ணி எழுந்து வந்தார். துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நேராக அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"இந்தாய்யா. இன்னா சொன்னே நீ இப்போ?"

"நீ சும்மா இரும்மே. பொண்ணு அங்க அழுதுகினு கீறா..."

"எனக்குத் தெரியாதா? எம் வயித்துல பொறந்தவதான? எங்க தங்கச்சி கல்யாணத்தன்னிக்கி புத்தலப்பட்டுல நீ இன்னா பண்ணினே? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."



எனக்கு அந்தக் கதை தெரியும். அண்ணியின் தங்கைக்குச் சித்தூரில் கல்யாணம். எங்கள் ஊரிலிருந்து வேன். வரிசைத் தட்டெல்லாம் அதில்தான் இருக்கிறது. புத்தலப்பட்டு வரும்போது டிரைவர் இரண்டு தடவை கண்ணைக் கசக்கினார். அண்ணன் வண்டியை ஓரம்கட்டச் சொன்னார். டிரைவர் தொடர்ந்து கல்யாண சவாரியாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "படு, ஒரு தூக்கம் போட்டு எந்திரி," என்று புளியமரத்தடியில் துண்டை விரித்து அவரைப் படுக்க வைத்துவிட்டார் அண்ணன். முகூர்த்த நேரம் நெருங்குகிறது. பெண்கள் எல்லாரும் கத்துகிறார்கள். அண்ணி அழுகிறார். அண்ணன் சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு அசையாமல் நின்றார். போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்து, பந்தியே நடந்துகொண்டிருந்தது.

"கூடப் பொறந்தவ கழுத்துல தாலி ஏறச்சொல்ல நான் இல்ல. வருசக்கணக்கா எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல அவ," என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. ஆனால் கூட்டம் முழுக்க அடங்கிவிட்டது. "அன்னிக்கி நீ இன்னா சொன்னே? 'லேட்டா போனா திட்டுவாங்க. போவாமலே பூட்டா அழுவாங்க. எது வேணும் உனக்கு?'ன்னு கேட்டே. நான் வாய மூடிகினு உக்காந்துகினேன். இன்னிக்கி உம் பொண்ணுன்னதும் பேச்சு மாறிப் போச்சா?"

அண்ணன் கவுன்டர் மேல் வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவு திறந்தது. அந்த வெள்ளைச் சட்டை உள்ளே வந்தது. சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சுவரோரமாக. அதிகம் போனால் சுமதி வயதுதான் இருக்கும். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு.

"அதோ போறான் பாரு!" என்றது ஒரு குரல். பெரிதாக எழவில்லை. பாதியிலேயே கரைந்துவிட்டது.

அண்ணி, அண்ணன் கையிலிருந்து பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கினார். நேரே போய் அந்தப் பிள்ளையின் கையில் வைத்தார்.

"துன்னுட்டுப் படு நைனா. நல்லா தூங்கு."

அவன் வடக்கத்திப் பிள்ளை. ஒரு வார்த்தை புரிந்திருக்காது. பொட்டலத்தையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். திட்டு விழும் என்று எதிர்பார்த்து நடந்தவன் அல்லவா. "ஸாரி ஆன்ட்டி," என்றான் மெதுவாக. பிறகு போய்விட்டான்.

அண்ணன் மெல்ல முனகினார். "அது இந்த வண்டிய ஓட்டறவருக்குக் கட்டினதும்மே..."

"ஓட்டாதவனுக்குத்தான்யா குடுக்கணும்."

இந்த வார்த்தையை நான் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். ஏட்டில் படித்ததெல்லாம் மறந்துவிடும் எனக்கு. காதில் விழுந்தது மறக்காது.

அதற்குப் பிறகு காத்திருந்த நேரம் இருக்கிறதே... அதை எழுதினால் பக்கம் போதாது. மெட்ராஸ் போய் அங்கிருந்து ஏறலாமா என்று பார்த்தோம். கணக்குப் போட்டால் அதுவும் இதே நேரம்தான் ஆகும். அண்ணி சுமதிக்குப் போன் போட்டார்.

"எனக்காக நிக்காதடி கண்ணு. டாக்டரம்மா கூப்புட்டா போயிடு. நான் எப்பிடியும் வந்துடுவேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அண்ணி 'ம்', 'ம்' என்றே கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாங்கூழ்க்காரர் எங்கிருந்தோ டீ வாங்கி வந்து அவர் பக்கத்தில் வைத்தார். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் மாப்பிள்ளையின் போன். "உள்ள கூட்டிக்கினு போயிட்டாங்க அத்தே." அவ்வளவுதான் சொன்னார். அதே நேரம் மாற்று பைலட் வந்துவிட்டதாக அறிவிப்பு. எல்லாரும் போனை அணைத்துவிட்டு ஏறினோம்.

இப்படி ஒரு பயணம் யாருக்கும் வேண்டாம். கீழே அங்கே மகள் கத்திக்கு அடியில். மேலே இங்கே நாங்கள் முகம் தெரியாத ஒரு மனிதரின் கையில். இரண்டு இடத்திலும் கதவு சாத்தியிருக்கிறது. இரண்டு கதவுக்குப் பின்னாலும் தூங்கி எழுந்த ஆள்தான் இருக்கிறாரா... யாரைக் கேட்பது?

அண்ணன் யாரிடமோ கெஞ்சி முதல் வரிசை சீட்டை மாற்றி வாங்கிக்கொண்டார். விமானம் கிளம்பும் முன்னால் ஸ்பீக்கரில் குரல் வந்தது. கேப்டன் தன் பெயரைச் சொல்லி நல்வரவு சொன்னார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, சத்தமாக, "வணக்கம் சார்! தூங்கினீங்களா?" என்றார். மொட்டைத் தலைகள் எல்லாம் சிரித்தன. பதில் வரவில்லை. அது ஒருவழிக் குரல் ஆயிற்றே.

"புதுசா வந்தவரு சாப்ட்டாரோ இன்னாவோ... இட்லியத் தூக்கி அந்தப் பையங்கிட்ட குடுத்துட்டா உங்க அண்ணி," என்றார் பின்னால் திரும்பி என்னிடம். பிறகு அந்தப் பூட்டிய கதவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். மாங்காய் விலை, மழை இல்லாதது, ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்று... விமானம் குலுங்கும்போதெல்லாம் குரல் கொஞ்சம் உயரும். இறங்கும்வரை நிறுத்தவில்லை. விமானப் பணிப்பெண் இரண்டு தடவை தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

சக்கரம் தரையைத் தொட்டதும் அண்ணி போனைத் திறந்தார். மாப்பிள்ளையின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பொண்ணு அத்தே. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

ஆஸ்பத்திரியில், மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்த சுமதி அம்மாவைப் பார்த்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏம்மா வரல நீ?"

அண்ணி குழந்தையைக் கையில் வாங்கினார். ஆஸ்பத்திரியின் பச்சைத் துணியை விலக்கினார். பையிலிருந்த பழைய புடவைத் துண்டில் சுற்றி, மகள் பக்கத்தில் கிடத்தினார். அப்புறம்தான் சொன்னார்.

"டிரைவருக்குத் தூக்கம் வந்துடுச்சிடி. வர்லன்னுட்டாரு."

சுமதி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவள் வளர்ந்ததே அந்த முன்சீட்டுக் கதைகளைக் கேட்டுத்தான். "நைனா... நீ ஒண்ணும் சொல்லலியா அவர?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "உங்கம்மாதான் இட்லி குடுத்து அனுப்பி வெச்சா," என்றார்.

இத்தனை நாளாக எனக்குள் ஓடுவது ஒன்றுதான். டிக்கெட் மலிவாகவும் இருக்க வேண்டும், விமானம் நேரத்துக்கும் கிளம்ப வேண்டும், ஓட்டுகிறவர் நன்றாகத் தூங்கியும் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். மூன்றில் ஒன்று குறைந்தால் எதற்குக் கத்துகிறோம் என்று அன்று பார்த்துவிட்டேன். லைசென்ஸையும் மார்க் ஷீட்டையும் சோதிக்க ஆபீஸ் இருக்கிறது. சோதிக்கட்டும், விடாமல் சோதிக்கட்டும். ஆனால் "என்னால் முடியவில்லை" என்று சொல்கிற பைலட்டை நூறு பேராகச் சேர்ந்து திட்டினால், அடுத்த முறை அவர் சொல்வாரா? அந்தப் பிள்ளை சொல்லிவிட்டான். சொல்லப் பயந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள்?

பத்து நாள் கழித்து, அண்ணனையும் அண்ணியையும் பேத்தியோடு விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பினேன். அதே கம்பெனி. அதே மாதிரி சின்ன விமானம்.

இந்தத் தடவை சரியான நேரத்துக்குக் கிளம்பியது. அதனாலேயே நான் அந்தப் பூட்டிய கதவைப் பார்த்து, "தூங்கினீங்களா சார்?" என்று வாய்க்குள் கேட்டுக்கொண்டேன்.